மூச்சுக்கு இடம் விடுங்கள்

தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்தபடியே இதைச் செய்து பாருங்கள். தொப்புளுக்கு நான்கு விரல் மேலே, விலா எலும்புகள் இரண்டு பக்கமும் பிரிகிற இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். நெய்யும்போது எப்படிக் குனிந்திருப்பீர்களோ அப்படியே குனிந்து ஒரு மூச்சு இழுங்கள். பிறகு முதுகை நிமிர்த்தி, தோள்களைத் தளர்த்தி, இன்னொரு மூச்சு இழுங்கள். இரண்டாம் முறை கை நன்றாக முன்னால் தள்ளப்படும். முதல் முறை வயிறு மடிந்து நெருக்கியதால் கை கொஞ்சம்தான் அசைந்திருக்கும். அதற்குப் பதிலாகத் தோளும் கழுத்தும் மேலே ஏறியிருக்கும்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தறிவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் முதுகுவலி, முழங்கால் வலி, கண் எரிச்சல் பற்றிப் பேச்சு வரும். மூச்சைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இருமல் முற்றிய பிறகுதான் வருகிறது. அதற்கு முன்பே இந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால், தறியடியிலும் சாயப்பட்டறையிலும் திருவிழாக் கூட்டத்திலும் என்ன செய்வது என்பது தானாகவே விளங்கும்.

காற்று உள்ளே வரும் விதம்

நுரையீரலுக்குத் தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அது ஒரு மென்மையான, இழுபடக்கூடிய உறுப்பு. விட்டால் சுருங்கப் பார்க்கும். அதை விரிப்பது அதைச் சுற்றியுள்ள மார்புக்கூடு. கூட்டின் அடித்தளம் உதரவிதானம் என்ற தசை. நெஞ்சையும் வயிற்றையும் பிரித்துக் குவிந்த வடிவில் கிடக்கும் இந்தத் தசை சுருங்கும்போது கீழே இறங்குகிறது. சாதாரண மூச்சில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கும். ஆழ்ந்து இழுத்தால் அதைப்போல் பல மடங்கு இறங்கும். அதே நேரத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள் எலும்புகளை மேலும் வெளியேயும் தூக்குகின்றன. நெஞ்சறையின் கொள்ளளவு கூடுகிறது.

நுரையீரலின் வெளியுறையும் நெஞ்சறையின் உள்ளுறையும் நடுவில் மெல்லிய நீர்ப்படலத்தோடு ஒட்டியே இருப்பதால், சுவர் நகரும்போது நுரையீரலும் கூடவே இழுபட்டு விரிகிறது. உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், அமைதியான மூச்சில் உள்ளே குறைவது ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கே காற்று மூக்கு வழியாக ஓடி வந்துவிடுகிறது. நாம் காற்றை இழுப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் நாம் செய்வது இடம் உண்டாக்குவது மட்டுமே, நிரப்புவது வெளிக்காற்று.

மூச்சு விடுவதற்கு அமைதியான நேரத்தில் உழைப்பே தேவையில்லை. தசை தளர்ந்ததும் நுரையீரல் தன் இயல்புப்படி சுருங்கிக் காற்றை வெளியே தள்ளுகிறது. இருமும்போதும், நாதஸ்வரம் ஊதும்போதும், வேகமாக நடக்கும்போதும்தான் வயிற்றுத் தசைகள் இறுகி உதவிக்கு வருகின்றன.

ஆகவே வயிற்றை நெருக்கும் எதுவும் உதரவிதானம் இறங்கும் வழியை மறிக்கிறது. குழித்தறியில் நெய்த சேலை சுற்றும் கட்டை மடிக்கு நேராக வருகிறது. பேட்டைக் கூர்ந்து பார்க்க, அறுந்த பாவிழையை முடிய, கோர்வையில் இருபக்கக் கரையும் உடலோடு சரியாகப் பிணைகிறதா என்று கவனிக்க, உடம்பு அந்தக் கட்டையின் மேலேயே சாய்ந்துவிடுகிறது. இறுக்கிக் கட்டிய லுங்கியும் நாடாப் பாவாடையும் சேர்ந்தால் உதரவிதானத்துக்கு இறங்க வழியே இல்லை.

அரை மூச்சின் கணக்கு

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பெரியவர் ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், அதாவது 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே போகும். அதில் சுமார் 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், அதன் கிளைகள் ஆகியவற்றிலேயே தங்கி அப்படியே திரும்பிவிடும். இரத்தத்தைத் தொடும் இடத்துக்குப் போய்ச் சேர்வது 350 மட்டுமே.

நிமிடத்துக்கு 12 மூச்சு என்று வைத்தால் மொத்தம் 6 லிட்டர். அதில் பயனாகும் காற்று 4.2 லிட்டர். இப்போது குனிந்து, மேல்மார்பால் மட்டும், ஒரு மூச்சுக்கு 250 மில்லிலிட்டர் வீதம் நிமிடத்துக்கு 24 தடவை சுவாசிப்பதாகக் கொள்ளுங்கள். மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் 150 வழியிலேயே வீணாவதால் பயனாவது 2.4 லிட்டர். உழைப்பு இரட்டிப்பு, பலன் பாதிக்குச் சற்று மேல்.

இப்படிக் குனிந்து நெய்பவருக்கு மூச்சு முட்டிவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள சுவாச மையம் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடினாலே கண்டுபிடித்து, மூச்சைக் கூட்டிச் சரிசெய்துவிடும். அந்தக் கூடுதல் வேலையைக் கழுத்துத் தசையும் தோள்தசையும் செய்கின்றன. மாலையில் தறியைவிட்டு எழும்போது பிடரி கல்லாக இறுகியிருப்பதற்கு நாடா ஓட்டிய கை மட்டும் காரணமில்லை. நாள் முழுக்கத் தப்பான தசையால் மூச்சு விட்டதற்கும் அதில் பங்கு உண்டு.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. உட்காரும் பலகையைக் கொஞ்சம் உயர்த்தினால் இடுப்பு முழங்காலைவிட மேலே வந்து முதுகு தானாக நிமிரும். மடித்த சாக்கோ பழைய போர்வையோ போதும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு உட்காருங்கள். தார் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதையே அடையாளமாக வைத்து, வயிறு முன்னே வரும்படி இரண்டு மூன்று மூச்சு நிதானமாக இழுத்து விடுங்கள். வேலை நிற்காது. தறியருகே வெளிச்சம் போதாததால்தான் பலர் குனிகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பாவுக்கு நேர் மேலே நல்ல விளக்கு ஒன்று போட்டால் கண்ணுக்கும் நல்லது, மூச்சுக்கும் நல்லது.

பத்துச் சேலை அகலம்

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து, அவை மீண்டும் மீண்டும் பிரிந்து, ஏறக்குறைய 23 தலைமுறைக் கிளைகளுக்குப் பிறகு காற்று நுண்ணறைகளில் முடிகின்றன. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து இவை முப்பது கோடிக்கும் மேல். எல்லாவற்றின் உட்சுவரையும் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும்: ரவிக்கைத் துண்டோடு சேர்த்து நெய்த காஞ்சிப்பட்டு பத்தைப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் விரித்த பரப்பு.

அந்தச் சுவரின் ஒரு புறம் காற்று, மறுபுறம் நுண்ணிய இரத்தக்குழாய். இடையிலுள்ள தடிப்பு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கின் பாதி. வாயுக்கள் இதைக் கடக்க எந்தப் பம்பும் இல்லை. எந்தப் பக்கம் அழுத்தம் கூடுதலோ அங்கிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகும். நுண்ணறையில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம். உடம்பைச் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தில் 40. ஆக்சிஜன் உள்ளே போகிறது. கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் 45, நுண்ணறையில் 40. அது வெளியே வருகிறது. ஐந்தே புள்ளி வித்தியாசம் எப்படிப் போதும் என்று கேட்கலாம். கார்பன் டை ஆக்சைடு அந்தச் சுவரை ஆக்சிஜனைவிட ஏறக்குறைய 20 மடங்கு எளிதாகக் கடக்கும், அதனால் போதும்.

இரத்தம் ஒரு நுண்ணறையைக் கடக்க எடுக்கும் நேரம் முக்கால் நொடி. ஆரோக்கியமான நுரையீரலில் பரிமாற்றம் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதி நேரம் கையிருப்பு. வரதராஜப் பெருமாளின் வைகாசிக் கருட சேவையில் தோள் கொடுத்து ஓடும் ஸ்ரீபாதம் தாங்கிகளுக்கு இரத்தம் பல மடங்கு வேகமாக ஓடும்போதும் மூச்சு ஈடுகொடுக்கிறதென்றால் அந்தக் கையிருப்பால்தான். நுரையீரல் நோயில் சுவர் தடித்துவிட்டால் முதலில் கரைவது இதுதான். ஆகவே நோயாளிக்கு உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மாடிப்படி ஏறினால் இரைக்கும். அந்த அறிகுறியை வயசாகிவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இரத்தத்துக்கு வந்த ஆக்சிஜனில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு பயணம் செய்கிறது. இதில் நம் வீட்டுப் பெண்களுக்கான செய்தி ஒன்று இருக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். அளவு 14 இருப்பவரின் இரத்தம் சுமப்பதில் பாதியைத்தான் 7 இருப்பவரின் இரத்தம் சுமக்க முடியும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இரண்டு பேருக்குமே 98 என்று காட்டும், ஏனென்றால் அது இருக்கிற ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. தார் சுற்றிக்கொண்டே சமையலையும் பார்த்து, நடுவில் தறியிலும் உட்காரும் அக்காவுக்கு மேல்மூச்சு வாங்கினால், நெஞ்சுப் படம் எடுப்பதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். நுரையீரல் நன்றாக இருந்தும் இரத்தசோகையால் இரைக்கும் பெண்கள் நிறையப் பேர் உண்டு.

சாயப்பட்டறைக் காற்று

நாளொன்றுக்கு நாம் உள்ளே இழுத்து விடும் காற்று 10,000 லிட்டர் அளவு. அதில் கலந்ததெல்லாம் அந்த எழுபது சதுர மீட்டரைத் தேடி வரும். பெரிய தூசியை மூக்கு தடுக்கும். நடுத்தரத் தூசி கிளைக்குழாய்களின் சளியில் ஒட்டிக்கொள்ளும். அங்குள்ள நுண்மயிர்கள் சளியைச் சிறிது சிறிதாகத் தொண்டைக்கு ஏற்றிவிடும். பீடி, சிகரெட் புகை இந்த நுண்மயிர்களை முடக்கிவிடுகிறது. புகைப்பவருக்குக் காலை எழுந்ததும் வரும் இருமல், மயிர்கள் செய்ய வேண்டிய வேலையை உடம்பு வேறு வழியில் செய்வது.

பட்டுத்தூசியைப் பற்றி நெசவாளர்களுக்குப் பயம் உண்டு. பருத்தி ஆலைகளில் தூசியால் வருகிற, விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சை இறுக்குகிற நோய் பருத்தி, சணல் போன்ற நார்களுக்கு உரியது. பட்டுத்தறியில் அதைத் தேட வேண்டாம். பட்டில் தொல்லை தருவது பிசினும் கூட்டில் ஒட்டிய புழுவின் துகளும். கூட்டிலிருந்து நூலெடுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு இவற்றால் ஒவ்வாமை ஆஸ்துமா வருவதுண்டு. நம் தறிக்கு வருவது பிசின் நீக்கிச் சாயமேற்றிய நூல் என்பதால் அந்த ஆபத்து மிகக் குறைவு. எனக்கு அதிகக் கவலை தறிவீட்டின் ஈரத்தில்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நிற்கிறது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் பூஞ்சணம் தங்கிவிடுகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் அந்த அறையில் படுக்கக் கூடாது. குழி காய்ந்ததும் பூஞ்சணத்தைத் துடைத்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சாயப்பட்டறை வேறு கதை. அங்கே மூன்று ஆபத்துகள் உண்டு. சாயப்பொடியை எடை போடும்போது பறக்கும் தூள்: சில வகைப் பொடிகள் ஒருமுறை ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு ஒரு சிட்டிகை பறந்தாலும் மூச்சை இறுக்கும். பொடியைக் காற்றில்லாத மூலையில் தாழ்வாக வைத்து, முதலில் சிறிது தண்ணீர் விட்டுக் குழைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. அடுத்தது, பழைய சாயத்தை உரிக்கப் போடும் ஹைட்ரோஸ். அது ஈரம் பட்டாலும் அமிலம் பட்டாலும் கந்தக டை ஆக்சைடை வெளிவிடும். தொண்டையை அறுப்பதுபோல் இருக்கும் அந்த நெடி ஆஸ்துமாக்காரரை நிமிடங்களில் மடக்கும். மூடியை இறுக்கி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம், அதற்கு வாசனையே கிடையாது. மூடிய கொட்டகையில் விறகு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு. இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக ஹீமோகுளோபினைக் கவ்விக்கொள்ளும். மூச்சு நன்றாக ஓடும், நெஞ்சு நன்றாக விரியும், இரத்தம் மட்டும் ஆக்சிஜனைச் சுமக்காது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வரும். சாதாரண ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பிடித்ததாகவே எண்ணி 98 காட்டும். அதை நம்பி ஆளை உள்ளேயே உட்கார வைத்துவிடாதீர்கள். கொட்டகையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காரணம் அடுப்புதான் என்று முடிவு செய்து எல்லோரும் வெளியே வாருங்கள். அடுப்புக்கு மேல் கூரைவரை புகைபோக்கியும் எதிரெதிர்ச் சுவரில் திறந்த ஜன்னலும் இல்லாத பட்டறையில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாதீர்கள்.

அத்திவரதர் கூட்டத்தில் கற்றது

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் வைபவம் நடந்தது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் பெருமாளைக் காண லட்சக்கணக்கில் வந்தார்கள். அந்த ஜூலையில் நெரிசலில் சிக்கிப் பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். கூட்டத்தில் காற்று தீர்ந்துபோகும் என்றே அப்போது பலரும் பேசிக்கொண்டார்கள். திறந்த வெளியில் காற்று தீர்வதில்லை. நெரிசல் உயிரை வாங்குவது, முன்னும் பின்னும் உடல்கள் அழுத்துவதால் விலா எலும்பு விரியவும் உதரவிதானம் இறங்கவும் இடமில்லாமல் போவதால். காற்று மூக்கருகே இருக்கும். உள்ளே வர வழி இருக்காது.

ஆகவே கூட்டம் இறுகத் தொடங்கியதும் இரண்டு முன்கைகளையும் மடக்கி, நெஞ்சுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி அணைபோல் வைத்துக்கொள்ளுங்கள். கைகள் கீழே தொங்கினால் பிறகு மேலே எடுக்க முடியாது. கத்தாதீர்கள்; கத்தி விட்ட காற்றை மறுபடி நிரப்ப மார்புக்கு இடம் கிடைக்காமல் போகலாம். எதிர்த்துத் தள்ளாமல், அலை தளரும் நேரம் பார்த்துக் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். போகும் வழியில் சுவரோ தடுப்புக் கம்பியோ அருகில் இருந்தால் விலகுங்கள், அழுத்தம் அங்கேதான் கூடும். செருப்போ செல்போனோ விழுந்தால் குனியாதீர்கள். குழந்தையைத் தோளுக்கு மேலே தூக்குங்கள். விழுந்துவிட்டால் ஒருக்களித்துச் சுருண்டு, தலையையும் நெஞ்சையும் கைகளால் காத்துக்கொள்ளுங்கள். மல்லாந்தோ குப்புறவோ கிடந்தால் மார்பு அசையாது.

எப்போது மருத்துவரிடம்

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். காசநோய் என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் சானடோரியம் தொடங்கியபோது நல்ல காற்றும் ஓய்வுமே சிகிச்சையாக இருந்தன. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாவதைக் காட்டியது. அந்த முடிவுக்குப் பிறகு உலகம் முழுவதும் சிகிச்சை முறை மாறியது. இன்று மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்துவதுதான் ஆபத்து.

ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரைத் தறிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பழகிவிடும் என்ற பயத்தில் அதைத் தள்ளிப்போட்டு மாத்திரையோடு சமாளிக்காதீர்கள். மருந்து குழாய்க்கு நேரடியாகப் போவதால் குறைந்த அளவே போதும். நீண்ட நாள் புகைத்து இரைப்பு வந்தவர்கள், விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் மெதுவாக ஊதி விடப் பழகுங்கள். அப்போது உள்ளே பின்னழுத்தம் ஏற்பட்டு, சுருங்கி அடைபடவிருந்த சிறு குழாய்கள் திறந்தே இருக்கும்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிவது, ஆக்சிமீட்டர் 90-க்குக் கீழே இறங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை அவரை மல்லாக்கப் படுக்க வைக்காமல் முன்னால் சாய்ந்து உட்கார வையுங்கள், இடுப்புக் கட்டைத் தளர்த்துங்கள், சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள்.